ஆடியில் எண்ணிய வாகனங்கள்

வெள்ளவத்தை,
2 யூலை 2025

அன்புள்ள றஞ்சிதம் அக்காவுக்கு,

கௌரி எழுதுகிறேன். இங்கே நானும் மகன் வினோதனும் நல்ல சுகம். உங்கள் முழங்கால் நோவு எப்படி? நான் அனுப்பிய தைலத்தைப் பூசினீர்களா, அல்லது அலுமாரிக்குள் அழகுக்கு வைத்திருக்கிறீர்களா? போனில் உங்களுக்கு ஒன்றும் கேட்காது. வட்ஸ்அப் பழக்கித் தருகிறேன் என்று சொன்ன உங்கள் மருமகனையும் கண்ணாடியில் எழுத்துப் படிக்க மாட்டேன் என்று துரத்திவிட்டீர்கள். ஆகவே தபால்காரனுக்கு இன்னும் வேலை கொடுப்பது நாங்கள் இரண்டு பேரும்தான்.

இங்கே ஒரு புதினம். எங்கள் கடை இருக்கிற காலி வீதியில் பஸ்ஸுக்கென்று தனிப் பாதை போடப்போகிறார்களாம். கடை ஓரத்தில் ஒரு வாகனமும் நிற்கக்கூடாது. கடற்கரைப் பக்கம் மாடி மாடியாக வாகனத் தரிப்பிடம் கட்டுவார்கள், சனம் அங்கே விட்டுவிட்டு நடந்து வரட்டுமாம். வினோதனுக்குப் பெரிய சந்தோஷம். தினமும் கோட்டைக்கு பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போகிறவன் அவன். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

ஆனால் எங்கள் கடைக்கு வருகிறவர்கள் கலியாணக் கூறைச் சீலை எடுக்க வருகிறவர்கள். மாமி, சித்தி, பெரியம்மா என்று ஒரு வான் நிறைய வருவார்கள். நல்ல நேரத்துக்குள் வாசலில் இறங்கி வலது காலை வைத்து உள்ளே வரவேண்டும். கடற்கரையிலிருந்து கிழவிகள் நடந்து வருவதற்குள் ராகுகாலம் பிறந்துவிடும். வாசலில் வான் கொஞ்ச நேரம் நிற்க முடியாவிட்டால் அவர்கள் வேறு இடம் பார்ப்பார்கள். இவர் செத்த பிறகு எங்களுக்குச் சோறு போடுவது இந்தக் கடைதான். இது போனால் எனக்கு வேறு வழி தெரியாது.

நேற்று ஒவ்வொரு கடைக்கு முன்னாலும் நடைபாதையில் சிவப்பு மையால் இலக்கம் அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இனி ஆட்கள் வந்து விபரம் கேட்பார்களாம். கடைக்காரரின் பெயர், மேல்மாடியில் யார் இருக்கிறார்கள், சனம் எதில் வருகிறது எல்லாம். பக்கத்துச் சப்பாத்துக் கடை மர்ஸூக் நானா, "நல்லதுக்குத்தான் தங்கச்சி. யாருக்கு வாகனம் நிப்பாட்ட இடம் வேணுமெண்டு கேக்கத்தானே வாராங்க. நல்லாச் சொல்லுங்க" என்றார். எனக்கு ஏனோ அந்தச் சிவப்பு இலக்கத்தைப் பார்க்க மனம் சரியில்லை.

உடம்பைக் கவனியுங்கள்.

உங்கள் தங்கை
கௌரி


கொக்குவில்,
8 யூலை 2025

அன்புத் தங்கச்சிக்கு,

நான் இருக்கிறேன். தைலம் பூசினேன், நோவு போகவில்லை, மணம்தான் வீடெல்லாம். நீங்கள் இருவரும் சுகமாக இருக்க நல்லூரானை வேண்டுகிறேன்.

உன் கடிதத்தை வாசித்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது கௌரி. எண்பத்துமூன்று கலவரத்தில் நீ பத்து வயதுப் பிள்ளை, இங்கே அம்மாவின் சீலைக்குள் இருந்தாய். நானும் அத்தானும் நீ இப்போது இருக்கும் அதே வெள்ளவத்தையில், வாடகை வீட்டில் இருந்தோம். ஆனி மாதம் இரண்டு பெடியன்கள் வந்தார்கள். கையில் கடதாசி, மரியாதையான கதை. வீட்டில் யார் யார், என்ன பெயர், என்ன வேலை என்று கேட்டார்கள். நான் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்து எல்லாம் சொன்னேன். அடுத்த மாதம் வந்தவர்கள் பக்கத்து வீடுகளை விட்டுவிட்டு நேரே எங்கள் கதவுக்கு வந்தார்கள். அத்தானின் முழுப் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டார்கள். எவ்வளவு சுத்தமாகச் சொன்னார்கள் தெரியுமா? நாங்கள் பின்மதில் ஏறி விழுந்து தப்பினோம். அகதிக் கப்பலில் ஏறி வந்தவள்தான், அதற்குப் பிறகு கொழும்பு மண்ணை நான் மிதிக்கவில்லை. உன் கலியாணத்தையும் இங்கேதான் வை என்று பிடிவாதம் பிடித்தேன், நினைவிருக்கும்.

முதலில் வந்த பெடியன்கள்தான் அந்தக் கடதாசியைக் கொடுத்தார்களா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரியாததுதான் பெரிய பயம்.

நான் சொல்வதைக் கேள். உன் பெயரைச் சொல்லாதே. கடைக்காரர் இல்லை என்று சொல். மேலே ஒருவரும் இல்லை, சனம் வருவதில்லை, இது சாமான் வைக்கும் இடம் என்று சொல். எட்டாம் வகுப்புக்குக் கணக்குப் படிப்பித்தவள் இப்படிக் கதைக்கிறாளே என்று உன் மகன் சிரிப்பான். சிரிக்கட்டும்.

உடனே பதில் போடு.

அக்கா


வெள்ளவத்தை,
25 யூலை 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். நீங்களும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஆடி பிறந்துவிட்டது, கடையில் ஈ ஓட்டுகிறேன். சீலைகளை விரித்துத் தூசி தட்டி மடித்து வைக்கிறேன். வந்தார்கள், கேட்டார்கள், போனார்கள். பயப்பட ஒன்றும் இல்லை. வினோதனுக்குத் தடிமன், இப்போது பரவாயில்லை.

கௌரி


கொக்குவில்,
31 யூலை 2025

அன்புத் தங்கச்சிக்கு,

நான் சுகம். வினோதனுக்குக் கொத்தமல்லி அவித்துக் கொடு.

இது என்ன கடிதம்? பள்ளிக்கூடத்துக்கு வராத பிள்ளை எழுதும் காரணம் போல இருக்கிறது. யார் வந்தார்கள்? என்ன கேட்டார்கள்? நீ என்ன சொன்னாய்? வேறு யாராவது பிறகு வந்து கடையை நோட்டம் விட்டார்களா? ஒன்றுவிடாமல் எழுது. நீ ஒன்றும் இல்லை என்று எழுதும்போதுதான் எனக்குப் பயம் கூடுகிறது.

அக்கா


கொக்குவில்,
19 ஓகஸ்ட் 2025

கௌரி,

பதில் இல்லை. தபால்காரனின் சைக்கிளைக் கண்டால் படலைக்கு ஓடுகிறேன், இந்த முழங்காலோடு. முன்வீட்டுச் சுபோதினியைக் கொண்டு உனக்குப் போன் எடுப்பித்தேன். "அம்மா நல்லா இருக்கிறா, கடிதம் எழுதுவா" என்று வினோதன் சொன்னானாம். நீ ஏன் போனுக்கு வரவில்லை என்று கேட்கச் சொன்னேன், அதற்குள் வைத்துவிட்டானாம்.

உனக்கு ஏதும் நடந்துவிட்டதா? உன் கையெழுத்தில் ஒரு வரி வேண்டும். சுகம் என்று மட்டும் எழுதினாலும் போதும்.

அக்கா


வெள்ளவத்தை,
26 ஓகஸ்ட் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. உங்களை ஓடவைத்ததற்கு என்னை ஏசுங்கள். எழுத உட்கார்ந்தேன், பல தடவை கிழித்துப் போட்டேன். இன்று எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

அன்று வந்தது ஒரு பெண்பிள்ளையும் பெடியனும். சிங்களப் பிள்ளை, எனக்காகத் தமிழ் கதைக்கப் பார்த்தது. "அக்கா, உங்கட பேரு?" என்று சிரித்துக்கொண்டே கேட்டது. எனக்கு உங்கள் கடிதம் முழுவதும் கண்ணுக்கு முன்னால் வந்தது. கடைக்காரர் இல்லை என்றேன். "சனம் வாறதா?" இல்லை, இது ஸ்டோர் என்றேன். "மேல யாரு இருக்கிறது?" ஒருவரும் இல்லை என்றேன். அந்த நேரம் பார்த்து மேலே வினோதன் குளித்துக்கொண்டு உரத்துப் பாடுகிறான். பிள்ளை மேலே பார்த்தது, என்னைப் பார்த்தது, நான் சொன்னதையே பதிந்துகொண்டு போய்விட்டது.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. ஆடி முழுக்க ஒரு பெடியன் எதிர்ப்பக்கம் நின்று எந்தக் கடைக்கு முன்னால் எத்தனை வாகனம் நிற்கிறது என்று எண்ணினான். ஆடியில் எங்களிடம் யார் வருவார்கள்? மர்ஸூக் நானாவின் கடைக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்து வாங்கக் காரும் ஓட்டோவும் வந்தபடி இருந்தன. என் வாசல் சுடலை மாதிரிக் கிடந்தது.

இப்போது திட்டத்தின் படத்தை ஒட்டியிருக்கிறார்கள். நானாவின் வாசலில் வாகனம் நின்று போக இடம் விட்டிருக்கிறார்கள். பஸ் தரிப்பு என் வாசலில். அதற்கு இரண்டு பக்கமும் நடைபாதை ஓரமாக இரும்புக் கம்பி வேலி. படத்தில் என் கடைக்கு இலக்கம்கூட இல்லை, பாவிக்காத இடம் என்று போட்டிருக்கிறது. கம்பி வேலி வந்தால் தைக்கு முன்னமே கடையை மூடவேண்டியதுதான்.

உங்களுக்கு எழுதினால் நீங்கள் சொன்னதால்தான் இப்படி ஆனது என்று படுத்துவிடுவீர்கள் என்று பயந்தேன். உங்களில் கோபமும் இருந்தது அக்கா. அதையும் ஏன் மறைப்பான்.

மாற்றம் கேட்பவர்களுக்குச் செப்டெம்பர் பதினெட்டாம் திகதி திட்டக்காரரின் கந்தோரில் விசாரணை. கடைக்காரர் நேரில் வந்து தன் பெயரையும் விலாசத்தையும் சொல்லி எல்லோருக்கும் முன்னால் கதைக்கவேண்டும். "நான் உங்களுக்காகப் பேசுறேன் தங்கச்சி" என்று நானா கேட்டுப் பார்த்தார், முடியாதாம். போனால், ஏன் பொய் சொன்னாய் என்று கேட்பார்கள். என் பெயரும் விலாசமும் அவர்கள் கையில் இருக்கும். போகாவிட்டால் கடை போகும். நான் போகமாட்டேன் போலத்தான் இருக்கிறது.

கௌரி


கொக்குவில்,
31 ஓகஸ்ட் 2025

அன்புத் தங்கச்சிக்கு,

நீ சுகம் என்று கண்டது போதும். கோபம் இருந்தது என்று எழுதினாயே, அது நல்லது. இருக்கத்தான் வேண்டும்.

நான் படுக்கவில்லை. பதினெட்டாம் திகதி நானும் வருகிறேன். வினோதனைக் கோட்டை ஸ்டேஷனில் நிற்கச் சொல். அறிவிக்கிறது எனக்குக் கேட்காது, ஆகவே பெட்டி வாசலிலேயே நிற்கட்டும். பின்னேர ரயிலில் திரும்பிவிடுவேன். ஒரு இரவுகூட நான் அங்கே படுக்கமாட்டேன், கேட்காதே.

அக்கா


வெள்ளவத்தை,
5 செப்டெம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். உங்கள் கடிதத்தை வினோதனுக்கு வாசித்துக் காட்டினேன், அவன் வாயைப் பிளந்தபடி இருந்தான்.

தயவுசெய்து வரவேண்டாம். இங்கே வீதியைக் கடப்பதென்றால் எனக்கே உயிர் போய் வருகிறது. பின்னால் பஸ் ஹோர்ன் அடித்தாலும் உங்களுக்குக் கேட்காது. நாற்பது வருடத்துக்கு மேல் கால் வைக்காத இடம். வந்து இறங்கியதும் உங்களுக்கு ஏதும் செய்துவிட்டால் நான் என்ன செய்வேன்? கடை போனால் போகட்டும். நானும் நீங்களும் பயந்தவர்கள், இரண்டு பயந்தவர்கள் சேர்ந்து போய் என்ன செய்யப்போகிறோம்?

கௌரி


கொக்குவில்,
9 செப்டெம்பர் 2025

கௌரி,

ரிக்கெற் எடுத்தாயிற்று. காசைத் திருப்பித் தரமாட்டார்களாம். பருத்தித்துறை வடை கொண்டுவருகிறேன்.

அக்கா


வெள்ளவத்தை,
22 செப்டெம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தீர்கள் என்று சுபோதினி போனில் சொன்னாள். அதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. கால் வீங்கியிருக்கும், வெந்நீர் ஒத்தணம் கொடுங்கள்.

அன்று நீங்கள் என்ன செய்தீர்கள் என்பது உங்களுக்கே முழுதாகத் தெரியாது. கந்தோரிலிருந்து நேரே ஸ்டேஷனுக்குப் போ போ என்று கையைப் பிடித்து இழுத்தீர்கள், ஒரு தாளில் எழுதிக் காட்டவும் விடவில்லை. ஆகவே உங்களுக்குக் கேட்காததை எழுதுகிறேன்.

என்னைக் கூப்பிட்டதும் எழும்பினேன். நடுவில் இருந்த பெரியவர் குனிந்தபடியே, "நம கியன்ன" என்றார். பெயரைச் சொல் என்பதுதான், வேறு ஒன்றுமில்லை. இத்தனை வருடம் சந்தையிலும் பஸ்ஸிலும் சிங்களம் கதைத்தவள், எனக்கு வாய் வரவில்லை. பெரியவர் நிமிர்ந்து பார்த்து மறுபடி கேட்டார். பின்னால் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். உட்கார்ந்துவிடுவோம் என்று கதிரையைத் தடவினேன்.

அப்போதுதான் நீங்கள் எழும்பினீர்கள். காது கேட்காத ஆட்கள் எவ்வளவு சத்தமாகக் கதைப்பார்கள் என்று அந்தக் கந்தோருக்கு அன்றுதான் தெரிந்திருக்கும். வாசலில் நின்ற காவற்காரன் உள்ளே எட்டிப் பார்த்தான்.

"இவள் கௌரி. கௌரி பாலசுந்தரம். கூறைக் கடை இவளின்ரைதான். நான் இவளின்ரை தமக்கை, றஞ்சிதம். கொக்குவில். எண்பத்துமூண்டிலை இந்த வெள்ளவத்தையிலைதான் இருந்தனான். இவள் உங்களுக்குப் பொய் சொன்னவள், ஓம். பயத்திலை சொன்னவள். அப்பிடிச் சொல்லு எண்டு சொன்னது நான். கடைக்குச் சனம் வாறது. நீங்கள் ஆடியிலை நிண்டு எண்ணினால் ஆர் வருவினம்? ஆடியிலை எந்தத் தமிழன் கலியாணம் செய்யிறான்?"

இவ்வளவும் சொல்லிவிட்டு நீங்கள் உட்கார்ந்து சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தீர்கள். மண்டபத்தில் ஒரு சத்தமும் இல்லை. சத்தமில்லாதது உங்களுக்குத் தெரிந்திருக்காது.

என்னிடம் வந்து கேட்ட அதே பிள்ளை மேசையின் ஓரத்தில் இருந்தது, நீங்கள் கண்டீர்களோ தெரியாது. அதுதான் மெதுவாகப் பெரியவருக்குச் சிங்களத்தில் சொன்னது. எண்பத்துமூன்று என்ற இடத்தில் அதன் குரல் உள்ளே போய்விட்டது, ஆனால் அதை விடாமல் சொன்னது. பெரியவர் பேனையை மேசையில் வைத்துவிட்டு உங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஆடி என்றால் என்ன என்று கேட்டார். பிள்ளைக்குச் சொல்லத் தெரியவில்லை. மர்ஸூக் நானா பின்னாலிருந்து எழும்பி, ஆடியில் அவர்களுக்கு "நெக்கத்" இல்லை சேர் என்றார். அவ்வளவுதான். நெக்கத், நல்ல நேரம், அது விளங்காத சிங்களவர் யார்? பெரியவர் தலையை ஆட்டிக்கொண்டு, அப்படியென்றால் எந்த மாதம் எண்ணவேண்டும் என்றார். அதற்குத்தான் என் வாய் திறந்தது. ஐப்பசி என்றேன். வான் வருவதையும் கிழவிகள் இறங்குவதையும் சொன்னேன். பிள்ளை தண்ணீர்ப் போத்தலை என் பக்கம் தள்ளியது.

ஐப்பசியில் மறுபடி எண்ணுவார்கள். அதற்கு மேல் ஒரு வாக்கும் தரவில்லை. ஏன் பொய் சொன்னாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. வெளியே வரும்போது பெரியவர் எழும்பி உங்களுக்காகக் கதவைத் திறந்து பிடித்தார். நீங்கள் அவரைப் பார்க்காமலே போய்விட்டீர்கள்.

கௌரி


கொக்குவில்,
28 செப்டெம்பர் 2025

அன்புத் தங்கச்சிக்கு,

வந்து சேர்ந்தேன். கால் வீக்கம் வடிந்துவிட்டது. நீயும் மகனும் சுகமாக இருக்கவேண்டும்.

நீ எழுதியதை மூன்று தரம் வாசித்தேன். நான் தைரியசாலி என்று நினைத்துவிடாதே. உன் வாய் அசையாததைக் கண்டதும் என் உடம்பு தானாக எழும்பிவிட்டது. சொல்லி முடித்த பிறகுதான் பார்த்தேன், ஓரத்தில் இருந்த பிள்ளை எழுதிக்கொண்டிருந்தது. நான் சொன்ன பெயரை, விலாசத்தை, எல்லாவற்றையும். அதுதான் உன்னை இழுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன்.

ரயிலில் கிளிநொச்சி வரும்வரை ஒரே நினைவுதான். நாற்பத்திரண்டு வருடத்துக்கு முன் சொன்னேன், மறுபடியும் போய் என் வாயாலேயே சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். இந்தத் தரம் உன் பெயரை. அந்தப் பிள்ளை நல்ல பிள்ளை என்று நீ எழுதுகிறாய். நல்ல பிள்ளையாகத்தான் இருக்கும். தாளை நாளைக்கு யார் எடுப்பார்கள் என்று அதற்குத் தெரியுமா? உனக்கு ஏதும் நடந்தால் நான் உயிரோடு இருக்கமாட்டேன்.

ஆனாலும் பார், கேட்டால் மறுபடியும் சொல்வேன். ஏன் என்று எனக்கே விளங்கவில்லை. பின்வாசல் பூட்டை மாற்று. ஐப்பசியில் என்ன நடக்கிறது என்று உடனே எழுது.

அக்கா


வெள்ளவத்தை,
20 நவம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் வினோதனும் சுகம். அங்கே மழை கூட என்று ரேடியோவில் கேட்டேன், முழங்கால் குத்தும், கம்பளிக் காலுறையைப் போடுங்கள்.

ஐப்பசியில் வந்து எண்ணினார்கள். முதல் முகூர்த்தத்துக்கு முந்திய கிழமை வான்கள் நின்ற நிலையைப் பார்த்து எண்ணிய பெடியனே எழும்பி நின்றுவிட்டான். பஸ் தரிப்பைச் சந்திப் பக்கம் தள்ளிவிட்டார்கள். என் வாசலில் கம்பி வேலி இல்லை. நடைபாதையை உள்ளே வெட்டி, வான் நின்று ஆட்களை இறக்க இடம் விட்டிருக்கிறார்கள். பஸ் பாதையும் திறந்தாயிற்று. வினோதன் இப்போது தொங்காமல் இருந்துகொண்டு வேலைக்குப் போகிறான், வீட்டுக்குக் கெதியாக வந்து என் சமையலில் குறை பிடிக்கிறான். கடை தப்பிவிட்டது அக்கா.

ஆனால் அந்த இடத்தைப் பாவிக்க அனுமதி வேண்டும். அது ஒரு பெரிய மஞ்சள் தாள். போகிற வருகிற பொலிஸ்காரர் வாசிக்கக்கூடியதாகக் கடையின் முன்கண்ணாடியில் வெளிப்பக்கம் ஒட்டவேண்டும் என்பது விதி. கடை விலாசம், அதற்குக் கீழே உரிமையாளர் கௌரி பாலசுந்தரம் என்று சிங்களத்தில், தமிழில், இங்கிலிஷில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. காலி வீதியில் போகும் ஒவ்வொரு பஸ்ஸிலிருந்தும் அதை வாசிக்கலாம். உங்களுக்கு இதை எழுதுவோமா விடுவோமா என்று யோசித்தேன். இனி உங்களுக்கு ஒன்றும் மறைக்கப்போவதில்லை.

பின்வாசல் பூட்டை மாற்றினேன். ஆனாலும் காலையில் கடை திறக்க வரும்போது என் பெயரைப் பார்க்காமல் குனிந்தபடி உள்ளே போகிறேன். யாராவது நின்று வாசித்தால் அவர்கள் போகும்வரை கைவேலை ஓடாது. வாசிப்பவர்கள் வான் விடலாமா என்று பார்ப்பவர்கள்தான், எனக்குத் தெரியும். தெரிந்தும் பயமாகத்தான் இருக்கிறது.

நேற்றுப் பெய்த மழையில் தாளின் இரண்டு மூலை கழன்று, என் பெயர் இருந்த பக்கம் மடிந்து தொங்கியது. மழை இன்னும் கொஞ்சம் அடித்தால் தானாக விழுந்திருக்கும், நான் கழற்றினேன் என்று ஒருவரும் சொல்லமுடியாது. குடையைப் பிடித்தபடி அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு உள்ளே போய்ப் பசை எடுத்துவந்து, சேலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு நானே ஒட்டினேன்.

உங்கள் தங்கை
கௌரி